நஞ்சராயன் குளக்கரையில்: பறவைகள் சொல்லும் செய்தியும் சொல்லாத செய்தியும்



திருப்பூர் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது எது? பனியன் என்பீர்கள். அதற்கடுத்து, சாயம் கலந்து ஓடிய நொய்யல் ஆறு. பறவைகளைக் காண்பதற்காக யாராவது திருப்பூருக்கு வருவார்கள் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் வருகிறார்கள். ஊத்துக்குளிப் பக்கம், சர்க்கார் பெரியபாளையத்தில் இருக்கிறது நஞ்சராயன் குளம். ஏறத்தாழ 126 ஹெக்டேர், அதாவது 311 ஏக்கர் பரப்பு. நல்லாறு என்னும் ஓடை இதில் வந்து விழுகிறது. குளம் நிரம்பினால் மிகுநீர் நொய்யலுக்குப் போகும். 2022-இல் தமிழக அரசு இதை மாநிலத்தின் 17ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் இது ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது. ராம்சார் என்பது ஈரான் நாட்டிலுள்ள ஓர் ஊர். 1971-இல் அங்கே கையெழுத்தான உடன்படிக்கையின்படி, உலக முக்கியத்துவம் உடையவை எனக் கருதப்படும் ஈரநிலங்களை இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள். அப்போது வெளியான அரசுக் குறிப்பின்படி இங்கே 191 வகைப் பறவைகளும் 87 வகை வண்ணத்துப்பூச்சிகளும் காணப்படுகின்றன.

நான் பௌதிகம் கற்பிப்பவன். பறவையியல் படித்தவன் அல்லன். எனினும் ஞாயிற்றுக்கிழமைகளில் மாணவர்கள் சிலருடன் இந்தக் குளக்கரைக்குப் போவது வழக்கம். வகுப்பறையில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன ஒளி விலகலும் மிதப்பு விசையும் இங்கே இறகு கட்டிக்கொண்டு பறப்பதைக் காணலாம். அத்துடன், ஒரு முக்கியமான கேள்விக்கு நான் தவறான விடை சொல்லி மாட்டிக்கொண்ட கதையும் ஒன்று உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கருவி. பைனாகுலரின் மேல் 8×40 என்று எழுதியிருக்கும். 8 என்பது உருப்பெருக்கம். 40 என்பது முன்புற வில்லையின் விட்டம், மி.மீட்டரில். பலர் 8ஐ மட்டுமே பார்க்கிறார்கள். 40ஐ 8ஆல் வகுத்துப் பாருங்கள், 5 வரும். கருவியிலிருந்து உங்கள் கண்ணுக்குள் நுழையும் ஒளிக்கற்றையின் விட்டம் 5 மி.மீ. என்பது இதன் பொருள். நல்ல வெயிலில் நமது கண்மணி 2 அல்லது 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும், விடியலின் மங்கல் ஒளியில் அதைப்போல் இருமடங்குக்கும் மேலாக விரியும். எனவே 10×25 என்று எழுதிய சிறிய கருவி, பெருக்கம் அதிகமானாலும் 2.5 மி.மீ. கற்றையைத்தான் தருகிறது. நண்பகலில் அது போதும். விடியற்காலையில் காட்சி இருட்டிக் கிடக்கும். பறவைகளோ விடியற்காலையில்தான் சுறுசுறுப்பாக இருக்கின்றன! கருவி இல்லாதவர்கள் வருந்த வேண்டாம். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றாலே பாதி வேலை முடிந்தது. காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள். எதிர்க் கரையில் நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும்.

கருவியின் பயன் என்ன என்று ஒரு கணக்கில் காண்போம். நமது கண்ணால் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஏறத்தாழ ஒரு கலை, அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 200 மீட்டர் தொலைவில் அந்தக் கோணம் அடைக்கும் நீளம் சுமார் 6 செ.மீ. அதைவிட நெருக்கமாக இருக்கும் இரண்டு கோடுகள் நம் கண்ணுக்கு ஒன்றாகக் கலந்துவிடும். 8 மடங்கு பெருக்கும் கருவி வழியே பார்த்தால் இந்த எல்லை 7 மி.மீ. ஆகக் குறைகிறது. இது ஏன் முக்கியம்? குளிர்காலத்தில் இந்தக் குளத்துக்கு வரும் பட்டைத்தலை வாத்துக்கு வெண்ணிறத் தலையின் பின்பக்கம் இரண்டு கறுப்புப் பட்டைகள் உண்டு. அவை ஓரிரு சென்டிமீட்டர் அகலமே இருக்கும். வெறுங்கண்ணுக்கு அது தொலைவில் மேயும் ஏதோ ஒரு சாம்பல் நிற வாத்து. கருவி வழியே பார்த்தால் திபெத்திலிருந்தோ மங்கோலியாவிலிருந்தோ வந்த விருந்தாளி!

அந்த விருந்தாளி வந்த வழியைச் சற்று எண்ணிப் பாருங்கள். நடுவே இமயமலை நிற்கிறது. பட்டைத்தலை வாத்து எவரெஸ்ட் சிகரத்துக்கும் மேலே பறக்கிறது என்று பழைய புத்தகங்கள் பலவற்றில் படித்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு விஞ்ஞானிகள் வாத்துகளின் முதுகில் சிறிய கருவிகளைப் பொருத்தி, செயற்கைக்கோள் மூலம் அவற்றைப் பின்தொடர்ந்தார்கள். 2013-இல் வெளியான முடிவுகளின்படி, பதிவான மிக அதிக உயரம் சுமார் 7,290 மீட்டர். எவரெஸ்ட் 8,849 மீட்டர் அல்லவா? பெரும்பாலான நேரம் அவை 6,000 மீட்டருக்குக் கீழேயே, பள்ளத்தாக்குகளை ஒட்டிப் பறக்கின்றன.

இதில் வியப்பு குறைந்துவிட்டதாக நினைக்காதீர்கள். சுமார் 6,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். இறக்கையின் தூக்குவிசை காற்றின் அடர்த்தியையும் வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. அடர்த்தி பாதியானால், அதே எடையைத் தாங்க வேகம் √2 மடங்கு, அதாவது 1.4 மடங்கு ஆக வேண்டும். அதிக வேகத்துக்கு அதிக உழைப்பு. அதிக உழைப்புக்கு அதிக ஆக்சிஜன். ஆனால் அங்கே ஆக்சிஜனும் பாதிதான்! இந்த இக்கட்டை வாத்து இரண்டு வழிகளில் சமாளிக்கிறது. அதன் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் மற்ற வாத்துகளுடையதைவிட ஆக்சிஜனை இறுகப் பற்றிக்கொள்கிறது. மேலும் அது இரவிலும் அதிகாலையிலும் மலையைக் கடப்பதையே விரும்புகிறது. குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது என்று நீங்கள் படித்த வாயு விதியை அது தேர்வு எழுதாமலே தெரிந்து வைத்திருக்கிறது.

குளத்தின் ஓரத்துக்கு வருவோம். பட்டுப்போன மரக்கிளையில் நீர்க்காகம் ஒன்று இரண்டு இறக்கைகளையும் விரித்து, துணி காயப் போட்டதுபோல் நிற்கிறது. வாத்தின் இறகில் நீர் ஒட்டாது. நீர்க்காகத்தின் இறகின் வெளிப்பகுதியோ நனைந்துவிடும். குறைபாடு என்று தோன்றுகிறதா? இறகுகளுக்கிடையே காற்று தங்கினால் மிதப்பு விசை அதிகம்; மூழ்குவது கடினம். நீர்க்காகம் மீனைத் துரத்திக்கொண்டு நீருக்குள் நீந்துவது. காற்று வெளியேறி நீர் புகுந்தால்தான் அதற்குச் சுலபம். அதற்குக் கொடுக்கும் விலை, பிறகு வெயிலில் காய்வது. பாம்புத்தாராவும் இப்படியே.

இனி மீன்கொத்தி. ஒளி விலகல் பாடத்தில் நாணயமும் கிண்ணமும் வைத்து ஒரு சோதனை செய்திருப்பீர்கள். நேர் மேலிருந்து பார்த்தால் 40 செ.மீ. ஆழத்தில் உள்ள மீன் 30 செ.மீ. ஆழத்தில் இருப்பதாகத் தோன்றும். நீரின் விலகல் எண் 1.33 அல்லவா? சாய்வாகப் பார்த்தால் ஏமாற்றம் இன்னும் பெரிது. கரையில் நிற்கும் கொக்கு ஒன்று, செங்குத்துக்கு 60 பாகை சாய்வில் நீரைப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நீருக்குள் ஒளிக்கதிர் சுமார் 40½ பாகையில் போகும். மீன் 30 செ.மீ. ஆழத்தில் இருந்தால், கதிர் நீரைத் தொட்ட இடத்திலிருந்து மீன் இருக்கும் கிடைத் தொலைவு ஏறக்குறைய 26 செ.மீ. ஆனால் கொக்கு தன் கண் காட்டும் நேர்கோட்டிலேயே குத்தினால் அதே ஆழத்தில் அலகு 52 செ.மீ. தொலைவில் போய் நிற்கும். அதாவது மீனைத் தாண்டி ஒரு சாண் தூரத்துக்கும் அதிகம்! கொக்கு பட்டினி கிடக்க வேண்டியதுதான். அது பட்டினி கிடப்பதில்லையே! இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானி காட்சிர் என்பவர் கடற்கரைக் கொக்குகளைக் கொண்டு சோதனைகள் செய்து, தோன்றும் ஆழத்துக்கும் உண்மை ஆழத்துக்கும் உள்ள வேறுபாட்டை அவை திருத்திக்கொண்டே குத்துகின்றன என்று 1987-இல் எழுதினார். கருப்பு வெள்ளை மீன்கொத்தியின் வழி வேறு. அது நீருக்கு மேலே ஒரே இடத்தில் இறக்கையடித்து நின்று, ஏறக்குறைய செங்குத்தாக விழுகிறது. செங்குத்துக் கதிர் வளைவதில்லை. ஆழம் மட்டுமே குறைந்து தோன்றும். கணக்கைச் சுருக்கிக்கொண்ட பறவை அது.

மீன்கொத்தியை விட்டு நகர்வதற்குமுன் அதன் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சிறிய மீன்கொத்தியின் முதுகில் பளீரென்று மின்னும் நீலம் இருக்கிறதே, அதில் நீலச்சாயம் துளியும் கிடையாது. இறகின் உள்ளே, ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய துளைகள் நிறைந்த பஞ்சுபோன்ற அமைப்பு இருக்கிறது. அது நீல ஒளியை மட்டும் வலுவாகத் திருப்பி அனுப்புகிறது. மார்பின் செம்மஞ்சள் நிறம் மட்டும் உண்மையான நிறமி. சாயப்பட்டறை வைத்திருக்கும் உறவினர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "சாயம் இல்லாம நீலமா? அந்த வித்தை நமக்குத் தெரிஞ்சிருந்தா ஆறு தப்பிச்சிருக்குமுங்க மாப்பிள்ளை" என்றார்.

அவர் விளையாட்டாகச் சொன்னதில் ஒரு கனமான செய்தி இருக்கிறது. சாயம் என்றால் நாம் நிறத்தை நினைக்கிறோம். ஆற்றைக் கெடுத்ததில் பெரும்பங்கு நிறத்துக்கு அல்ல, உப்புக்கு. பருத்தி இழை நீரில் நனைந்ததும் அதன் மேற்பரப்பு எதிர் மின்னேற்றம் பெறுகிறது. பருத்திக்குப் பயன்படும் சாயத்தின் அயனியும் எதிர் மின்னேற்றம் கொண்டது. ஒத்த மின்னேற்றங்கள் ஒன்றையொன்று விலக்கும். சாயம் துணியை நெருங்க மறுக்கும். தொட்டியில் உப்பை அள்ளிப் போட்டால், சோடியம் அயனிகள் இழையைச் சூழ்ந்து அந்த விலக்கத்தை மறைக்கின்றன. சாயம் இழைக்குள் போகிறது. ஆழ்ந்த நிறங்களுக்கு ஒரு லிட்டர் நீருக்கு 60, 80 கிராம் உப்புகூடச் சேர்ப்பதுண்டு. கடல்நீரில் இருப்பதே லிட்டருக்கு 35 கிராம்தான்! ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் நீர், லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்று வைத்தால், 480 கிராம் உப்பு ஆகிறது. இந்த உப்பில் எதுவும் துணியில் தங்காது. வேலை முடிந்ததும் முழுவதும் கழிவுநீரோடு வெளியே வந்துவிடும். அந்த 480 கிராமை லிட்டருக்கு 2 கிராம் என்னும் அளவுக்கு நீர்க்கச் செய்யவே 240 லிட்டர் நல்ல நீர் வேண்டும். ஒரு கிலோ துணிக்கு!

நிறத்தைச் சுத்திகரிப்பில் நீக்கிவிடலாம். கரைந்த உப்பு கண்ணுக்கும் தெரியாது, வண்டலாகப் படியவும் செய்யாது. நீரைப் பிரித்தெடுத்தால்தான் உப்பு பின்தங்கும். நொய்யலின் குறுக்கே சென்னிமலைக்கு அருகில் ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் பாசனத்துக்காகப் பயன்பாட்டுக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே அந்த நீர் வயலுக்கு உதவாததாகிவிட்டது; தண்ணீரைத் தேக்க வேண்டாம் என்று உழவர்களே கேட்கும் நிலை வந்தது. பாசனத்துக்குக் கட்டிய அணையில் நீர் வேண்டாம் என்று உழவர் சொன்ன ஊர் வேறு எங்கும் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. வழக்குகள் நடந்து, 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன்பின், எதிர்ச் சவ்வூடு பரவல் முறையிலும் ஆவியாக்கும் முறையிலும் நீரையும் உப்பையும் பிரித்து, இரண்டையும் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாட்டுடன் பட்டறைகள் இயங்கத் தொடங்கின. செலவு மிகுந்த ஏற்பாடுதான். நீரைக் கொதிக்க வைக்க எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பதை உள்ளுறை வெப்பப் பாடத்தில் படித்த உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இதையெல்லாம் கரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "இத்தனை பறவை வந்திருக்குதுங்களே சார், அப்ப இந்தத் தண்ணி நல்லாத்தானுங்களே இருக்கோணும்?"

இதுதான் நான் முன்பு சொன்ன கேள்வி. அவளுக்கு உடனே விடை சொல்லவில்லை. என் கதையைச் சொன்னேன்.

சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு சிறு குளம். ஏப்ரல் மாதம். நீர் குறைந்து பச்சைப் பசேலென்று கிடந்தது. விடியற்காலையில் போனோம். கரையெங்கும் வெண்கொக்குகள், மடையான்கள், சாம்பல் நாரைகள்! அதற்குமுன் அந்தக் குளத்தில் இருபது முப்பது கொக்குகளுக்கு மேல் நாங்கள் எண்ணியதில்லை. அன்று இருநூறைத் தாண்டியது. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "பாருங்கள், குளம் எவ்வளவு வளமாக இருக்கிறது!" என்றேன். உடன் வந்த மாணவர்கள் அதை அப்படியே பெரிய தாளில் எழுதி, வரைபடத்தோடு பள்ளிக் கண்காட்சியில் மாட்டினார்கள். மூன்றாம் நாள் அந்தக் குளத்தில் மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. நாற்றம் தாங்கவில்லை.

அங்கே வலை போடும் பெரியவர் ஒருவர் இருந்தார். "வாத்தியாருங்க, நீங்க வந்த அன்னிக்கே மீனு மூச்சு முட்டி மேல வந்திருச்சுங்க. கொக்குக்கு அது தெரியுமுங்க. அதுக்குத்தான் அத்தனை கொக்கு" என்றார். ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க எண்ணிக்கிட்டிருந்தீங்க, நடுவுல பேசக்கூடாதுன்னு சொன்னாங்க பசங்க" என்றார்.

நான் எண்ணியது சரி. பொருள் கொண்டது தவறு. நடந்தது என்னவென்று இப்போது பௌதிகமாகப் பாருங்கள். 20 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மி.கி. ஆக்சிஜன் கரையும், 30 பாகையில் 7.5 மி.கி. அளவுதான். கோடையில் இருப்பே குறைவு. நீரைப் பச்சையாக்கிய பாசிகள் பகலில் ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை வெளியிடும். இரவில் அவையும் சுவாசித்து அதையே செலவழிக்கும். ஆக, ஆக்சிஜன் மிகக் குறைந்து போவது விடியும் நேரத்தில். அப்போது மீன்கள் காற்றோடு ஒட்டிய மேல் அடுக்கைத் தேடி மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். (விரால் மீன் எப்போதுமே மேலே வந்து காற்றைக் குடிக்கும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.) கொக்குக்கு அது கொண்டாட்டம். நாங்கள் எண்ணியது குளத்தின் செழிப்பை அன்று. குளம் மூச்சுத் திணறிய நேரத்தை. கண்காட்சித் தாளை நானே போய்க் கழற்றி, பெரியவர் சொன்னதைக் கீழே எழுதி மீண்டும் மாட்டச் சொன்னேன். முதல் தாளைவிட அந்தத் தாளின் முன்புதான் கூட்டம் அதிகமாக நின்றது என்று பிள்ளைகள் சொன்னார்கள்.

அப்படியானால் பறவைகளைப் பார்த்து நீரைப் பற்றி ஒன்றுமே சொல்ல முடியாதா? சொல்லலாம், எது, எதைத் தின்ன வந்திருக்கிறது என்று கேட்டால். சிவந்த நீண்ட கால்களுடன் நிற்கும் நெடுங்கால் உள்ளான் கூட்டத்தைப் பாருங்கள். சேற்றிலுள்ள புழு பூச்சிகள் அதன் உணவு. அவற்றுள் ஒருவகைக் கொசு போன்ற பூச்சியின் புழு செக்கச் சிவந்து இருக்கும். அதன் உடலில் ஹீமோகுளோபின் உண்டு. ஆக்சிஜன் மிகக் குறைந்த சாக்கடைச் சேற்றிலும் அது பெருகும். ஆகவே நெடுங்கால் உள்ளான் மிகுந்திருப்பது புழு மிகுதிக்குச் சாட்சி. நீரின் தூய்மைக்கு அன்று. நாமக்கோழிகள் நீர்த்தாவரம் நிறைய இருப்பதைச் சொல்கின்றன. நீர்க்காகங்கள் மீன் இருப்பதைச் சொல்கின்றன. ஆனால் அது எந்த மீன்? கெட்ட நீரையும் தாங்கும் ஜிலேபிக் கெண்டையாகவும் இருக்கலாம்.

இன்னொரு வகையிலும் பிரித்துப் பார்க்கலாம். மீன்கொத்தியும் கொக்கும் கண்ணால் வேட்டையாடுபவை. கலங்கிய நீரில் அவற்றின் திறமை செல்லாது. மஞ்சள் மூக்கு நாரையும் கரண்டிவாயனும் தொட்டுணர்ந்து வேட்டையாடுபவை. மஞ்சள் மூக்கு நாரை அலகைப் பாதி திறந்து நீருக்குள் வைத்துக்கொண்டு மெல்ல நடக்கும். மீன் பட்டதும் படக்கென்று மூடிக்கொள்ளும். இதன் அமெரிக்க உறவுப் பறவை ஒன்று அலகை மூடும் நேரத்தை அளந்தார்கள்: ஒரு விநாடியில் நாற்பதில் ஒரு பங்கு! நாம் கண் இமைக்க அதைப்போல் பல மடங்கு நேரமாகும். ஒரு குளத்தில் தொட்டு வேட்டையாடுபவை நின்று, கண்ணால் வேட்டையாடுபவை மாதக் கணக்கில் குறைந்துகொண்டே வந்தால், நீர் கலங்கி வருகிறதோ என்று ஐயப்படலாம். ஐயந்தான், முடிவு அல்ல. ஐயத்தைத் தீர்க்கக் கருவி வேண்டும்.

உப்பைப் பற்றியோ பறவைகள் அநேகமாக எதுவுமே சொல்வதில்லை. லிட்டருக்கு 2,000 மி.கி. உப்புள்ள நீர் குடிக்கத் தக்கதன்று, பயிருக்கும் கெடுதல். ஆனால் அதில் வாத்துகள் மகிழ்ச்சியாக நீந்தும். அதற்கு மின்கடத்து திறன் மானி என்னும் சட்டைப்பை அளவுள்ள கருவி உண்டு. பல பள்ளிகளால் வாங்கக்கூடிய விலைதான். நீரில் அயனிகள் எவ்வளவு அதிகமோ அவ்வளவு மின்சாரம் கடத்தும். மானி மைக்ரோ சீமன்ஸ் அளவில் காட்டும் எண்ணை 0.64ஆல் பெருக்கினால், லிட்டருக்கு எத்தனை மி.கி. உப்பு கரைந்துள்ளது என்று தோராயமாகக் கிடைக்கும். 1,500 என்று காட்டினால் சுமார் 960 மி.கி. ஒவ்வொரு முறையும் முனையை வாலை வடிநீரால் கழுவுங்கள்.

இதிலும் ஒரு பொறி உண்டு, விழுந்துவிடாதீர்கள். கோடையில் நம் பக்கத்துக் குளங்களில் நாளொன்றுக்கு 6, 7 மி.மீ. நீர் ஆவியாகிறது, மாதத்துக்கு ஒரு சாண் அளவு. ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு பின்தங்கிவிடும். ஆழமற்ற குளத்தில் நீர் பாதியானால், ஒருவரும் ஒரு சிட்டிகை உப்பும் போடாமலே மானியின் எண் இருமடங்காகும். மழை பெய்தால் எதிர்மாறு. ஆகவே மதகுச் சுவரில் ஓர் அளவுகோல் குறித்து வைத்து, நீர்மட்டத்தையும் உடன் எழுதுங்கள். நீர்மட்டம் எழுதாத மின்கடத்து திறன் கணக்கை நான் நம்புவதில்லை. என் மாணவர்கள் இதற்காக என்னைக் கேலி செய்வார்கள்.

எண்ணுவது எப்படி? கூட்டம் பெரிதாக இருந்தால் ஒவ்வொன்றாக எண்ண முடியாது. பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பத்து அடைக்கும் இடத்தை மனத்தில் பிடித்துக்கொண்டு, அத்தகைய இடங்கள் கூட்டத்தில் எத்தனை என்று பாருங்கள். இருவர் தனித்தனியே எண்ண வேண்டும். முடியும்வரை ஒருவர் எண்ணை மற்றவர் கேட்கக் கூடாது. கேட்டால் இரண்டாவது எண் முதல் எண்ணை நோக்கி நகரும்; நான் பலமுறை கண்டிருக்கிறேன். எப்போதும் ஒரே இடத்தில் நின்று, ஒரே நேரத்தில், ஒரே கால அளவுக்கு எண்ணுங்கள். விடியலில் எண்ணியதையும் நண்பகலில் எண்ணியதையும் ஒப்பிடுவது பொருளற்றது. என் இருநூறு கொக்குகளை நினைவில் வையுங்கள். எதிர்பார்த்த பறவை வரவில்லையென்றால் அந்த இடத்தைக் காலியாக விடாமல் 0 என்று எழுதுங்கள். காலியிடம், நீங்கள் பார்க்கவே இல்லை என்றும் பொருள்படும்.

கரையில் இரண்டொரு விதிகள் உண்டு. நீரில் இறங்காதீர்கள், சேறு ஆழம் தெரியாது. தண்ணீர்ப்பாம்பைக் கண்டால் கல்லெறியாதீர்கள், அதற்கு விஷமில்லை. கூடு கட்டியுள்ள மரத்தின் அருகே போகாதீர்கள். நீங்கள் நெருங்கித் தாய்ப்பறவை எழுந்து பறந்தால், வெயிலில் முட்டை வெந்துவிடும். காகமும் அதற்காகவே காத்திருக்கும்.

ஆசிய நாடுகளில் நீர்ப்பறவைகளை ஆண்டுதோறும் ஜனவரியில் எண்ணும் வழக்கம் 1987-இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவை எண்ணுகிறார்கள், மாணவர்களும் சேரலாம். அதற்கு முன் நான்கைந்து ஞாயிறுகள் உங்கள் ஊர்க் குளத்தில் பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்ட மாணவி இப்போது ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறாள். இடப்பக்கம் பறவைகளின் பெயரும் எண்ணிக்கையும்; வலப்பக்கம் நீர்மட்டம், நீரின் வெப்பநிலை, மானியின் எண், நேரம். கடைசிக் கட்டத்துக்கு அவளே ஒரு தலைப்பு எழுதியிருக்கிறாள்: "அங்கே இருந்தவர்கள் சொன்னது." சென்ற வாரம் அந்தக் கட்டத்தில், ஆடு மேய்க்க வந்த ஓர் அம்மா சொன்னதாக, கிழக்கு மதகுப் பக்கம் நான்கு நாளாக மீன்கொத்தியைக் காணவில்லை என்று எழுதியிருந்தாள். இந்த ஞாயிறு அங்கேதான் போகிறோம்.